பலாலிக்கு ஒரு மணித்தியாலம்

ரொம்சோஸ் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே அம்மா கேட்டார்: "தம்பி, திருச்சியில ஏறினா பலாலிக்கு எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம்தான் அம்மா."

"ஒரு மணித்தியாலமோ?" என்றவர் அதன்பிறகு ஒன்றும் பேசவில்லை.

நான் கணினித்துறை ஆலோசகன். இரண்டு விமான நிலையங்களின் ஆள்கூறுகளையும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன். நேர்கோட்டில் ஏறக்குறைய 180 கிலோமீற்றர். ஒஸ்லோவிலிருந்து பேர்கனுக்குப் பறக்கும் தூரத்தில் பாதியைவிடச் சற்றே கூட. பாக்குநீரிணை அவ்வளவு ஒடுக்கமானது.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் சேவை, ஒரு டகோட்டா விமானம், இரத்மலானையிலிருந்து கிளம்பிப் பலாலியில் இறங்கி, சென்னைக்குப் போனது. இலங்கை சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதாவது, ஏர் சிலோனின் முதல் பாதையே யாழ்ப்பாணத்தைத் தமிழ்நாட்டோடு இணைத்த பாதை.

எழுபதுகளின் இறுதியில் ஏர் சிலோன் மூடப்பட்டது. பிறகு போர் வந்தது. பலாலி படைத்தளமாயிற்று. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு ஊர்கள் இடம்பெயர்ந்தன. எங்கள் குடும்பமும் ஒரு சூட்கேஸோடு வெளியேறியது. எனக்கு அப்போது பத்து வயது. சில நாளில் திரும்பிவிடலாம் என்று அம்மா திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

அதன்பின் யாழ்ப்பாணத்தவருக்கு இந்தியா கொழும்புக்கு அப்பால் போய்விட்டது. கொழும்புக்குப் போவதென்றால் முதலில் பாஸ் எடுக்க வேண்டும், பிறகு கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடக்க வேண்டும். எதிரே வடமேற்கில் 180 கிலோமீற்றரில் இருந்த ஊருக்கு, முதலில் தெற்கே சுமார் 400 கிலோமீற்றர் போக வேண்டியிருந்தது.

2019 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் பலாலி திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் விமானம் வருகிறது. கடலின் அகலம் மாறவில்லை; அதைக் கடக்க யார் அனுமதித்தார்கள் என்பதே மாறியது.

ஆனால் அம்மா கேட்ட நேரம் வேறு என்று பிறகுதான் விளங்கியது. வலிகாமம் வடக்கில் காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டன. எங்களுடையது விடுபடவில்லை. விமான நிலையத்திலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். ஆனால் இடையில் முள்வேலி. பக்கத்து நாட்டிலிருந்து வருவதற்கு ஒரு மணித்தியாலம். பக்கத்து ஒழுங்கைக்குப் போக முப்பத்தைந்து வருடமாகியும் முடியவில்லை.

இரவு பயணச்சீட்டுப் பதியும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"யன்னல் சீற் எடு தம்பி. இறங்கேக்க எங்கட கிணத்தடி தெரியும்."

எந்தப் பக்கம் தெரியும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. விமானம் எந்தத் திசையிலிருந்து இறங்கும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. அவருக்கு இடப்பக்க யன்னலையும் எனக்கு வலப்பக்க யன்னலையும் எடுத்தேன். தேவையென்றால் மாறி இருந்துகொள்ளலாம்.