சமயச் சொற்களும் நாவலர் வாதமும்

களனி கங்கை கடலொடு கலக்குமிடம் கொழும்பு முகத்துவாரம். ஆங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர் தம் வழிபாட்டிடத்தைக் 'கோயில்' என்றும், வழிபாட்டைப் 'பூசை' என்றும் வழங்குவர். அயலிலே காளியம்மனை வழிபடச் செல்லும் சைவர் வழங்குவனவும் அச்சொற்களே. சைவர் பூசை மூர்த்திக்கு நீராட்டி, மலர் சாத்தி, தீபங் காட்டிச் செய்யும் உபசாரம். கத்தோலிக்கர் பூசை கிறிஸ்துவின் சிலுவைப்பலியை அப்பத்தாலும் திராட்ச இரசத்தாலும் நிகழ்விப்பது. சிங்களத்திலோ 'கோவில' இந்துக்களுக்கே உரியது. கிறித்தவ ஆலயமும் மசூதியும் 'பள்ளிய' எனப்படும். பள்ளி என்பது பழந்தமிழிற் சமண பௌத்தத் துறவிகளின் உறையுளாயிருந்ததை ஈண்டு நினைக்க.

இப்பொதுவழக்கு, மிஷனரிமார் நெடுங்காலஞ் சொற்றேடியதன் விளைவு. 1578இல் கொல்லத்தில் அச்சான நூல் இறைவனைத் 'தம்பிரான்' என்றது. 18ஆம் நூற்றாண்டிற் பப்ரீசியுஸ் 'பராபரன்' என்றார்; தாயுமானவர் பாடல்களிற் பயின்ற சொல் அது. பேர்சிவல் பாதிரியார் தலைமையில் உருவாகி 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. சைவருக்குத் தேவர் பலர், பிறந்திறப்பவர், பதியாகிய சிவனுக்குக் கீழ்ப்பட்டவர். அதனாலன்றோ சிவனை மகாதேவன் என அடைகொடுத்து வழங்கினர்! பராபரனைக் கைவிட்டது இழப்பென்றே கூறலாம். நூலின் பெயரோ 'வேதாகமம்' ஆயிற்று. சைவர் தம் முதனூல்களாகக் கொண்ட வேதம், ஆகமம் இரண்டும் ஒருங்கே அதனுட் புகுந்தன. யாழ்ப்பாணத்திற் கிறித்தவர் 'வேதக்காரர்' எனப்பட்டது, வேதத்தைத் தமதென்றிருந்த சைவருக்கு விந்தையே.

பேர்சிவலுக்கு அம்மொழிபெயர்ப்பில் உதவியவர் நல்லூர் ஆறுமுக நாவலர். சைவக் கிரியைகளை இகழ்ந்தோருக்கு விடையாக அவர் 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' வெளியிட்டார். யூதர் ஆலயத்திலே தூபமும் விளக்கும் பலியும் இருந்தமையை விவிலியத்திலிருந்தே எடுத்துக்காட்டி, அங்கு தெய்வ கட்டளையானது இங்கு மட்டும் மூடவழக்கம் ஆவதெங்ஙனம் என்பது அவர் வாதம். இவ்வாதத்தின் வலியிற் பாதி சொற்களிலேயே இருந்தது. மொழிபெயர்த்தோர் யூதர் கிரியைகளுக்குச் சைவக் கிரியைகளின் பெயர்களையே இட்டிருந்தமையால், தமிழில் வாசிப்போனுக்கு ஒப்புமை தானே தோன்றும். உண்மையில் விவிலியத்து 'அபிஷேகம்' பெரும்பாலும் ஒருவரைத் தைலம் பூசி இறைபணிக்கு ஏற்படுத்துவது, மூர்த்தியை நீராட்டுவதன்று. எதிர்வாதிகள் இவ்வேறுபாட்டைச் சுட்டலாம். சுட்டினால், தாம் எடுத்தாண்ட சொல் பொருந்தாதென ஒப்புக்கொள்ள நேரும்.

1871ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலும் 'தேவன்' நிலைத்தது. கத்தோலிக்கரும் புரொட்டஸ்டாந்தரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியமோ 'கடவுள்' என்னுஞ் சொல்லைக் கொண்டது. சைவர் சிவனுக்கும் வழங்குஞ் சொல் அது.