மின்கலத்தின் அழுத்தத்தை உயர்த்திய வரலாறு

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் பெருவழியில் சந்தாபுரா என்னும் ஊர் உள்ளது. அதனருகே 1978ஆம் ஆண்டில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் எலக்ட்ரானிக் சிட்டியை அமைத்தது. இன்று அங்கே ஒருவர் ஒற்றை மின்கலத்தால் எரியும் கைவிளக்கை ஏந்திச் செல்வாராயின், அதனுள் நெடிய வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது. மின்கலம் தருவது 1.5 வோல்ட்; வெண்ணிற எல்.இ.டி. விளக்குக்கு வேண்டுவதோ ஏறத்தாழ 3 வோல்ட். இக்குறை எவ்வாறு நிறைவுறுகிறது?

1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் பிறந்த மின்சாரம் கோலார் தங்கவயலைச் சென்றடைந்தது. 1905இல் பெங்களூருக்கு ஒளியூட்டியது. அது திசை மாறி மாறி ஓடும் மின்சாரமாதலின், மின்மாற்றி அதன் அழுத்தத்தை எளிதில் உயர்த்தியது. மின்கலத்தின் ஓட்டமோ ஒரே திசையில் சீராகச் செல்வது. அதற்கு மின்மாற்றி பயன்படாது. இதன் காரணம் 1831இல் மைக்கேல் பாரடே செய்த சோதனையில் விளங்கியது. ஒரு கம்பிச்சுருளில் மின்சாரத்தை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் மட்டுமே அடுத்த சுருளில் மின்சாரம் எழுந்தது.

1955 நவம்பர் 2ஆம் நாள் பெங்களூர் வானொலி நிலையம் தொடங்கியது. ஆனால் மின்கம்பி எட்டாத கிராமங்கள் அதனைக் கேட்பது எங்ஙனம்? பாட்டரியால் இயங்கும் வால்வு வானொலிக்கு 90 வோல்ட் வேண்டுமாயின், 60 மின்கலங்களை அடுக்க வேண்டும். அவை தீர்ந்தபின் புதியன வாங்க வகையில்லையேல் பெட்டி ஊமையாகிவிடும். இவ்விடரைத் தீர்த்தது வைப்ரேட்டர் என்னும் அதிர்வி. அதிலுள்ள எஃகு நாக்கு நொடிக்கு ஏறத்தாழ நூறு முறை துடித்து, 6 வோல்ட் மோட்டார் பாட்டரியின் ஓட்டத்தை வெட்டி வெட்டி விடுத்தது. அவ்வாறு வெட்டுண்ட ஓட்டத்தை மின்மாற்றி உயர்த்தியது. அப்பாட்டரியை மீண்டும் மின்னேற்றிக் கொள்ளலாம். எனினும் நாக்கின் முனைகள் தீப்பொறியால் தேய்ந்தன. ஓயாத ரீங்காரமும் இருந்தது.

1947இல் தோன்றிய டிரான்சிஸ்டர் இக்குறையைப் போக்கியது. 1954இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1962இல் ஜெர்மானியம் குறைகடத்திகளைச் செய்யத் தொடங்கியது. எஃகு நாக்கின் தொழிலை டிரான்சிஸ்டர் ஓசையின்றிச் செய்தது. இன்றைய கைவிளக்கில் அது ஒரு சிறு சுருளின் ஓட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டிக்கிறது. துண்டிக்குந்தோறும் சுருளில் சேர்ந்த ஆற்றல் மின்கலத்தின் அழுத்தத்தோடு கூடி வெளிப்படுகிறது.

இதில் இயற்கை நமக்குக் கொசுறு ஏதும் தருவதில்லை. அழுத்தம் இருமடங்கானால் ஓட்டம் பாதிக்கும் கீழே குறைகிறது. சிறிது வெப்பமாகவும் கழிகிறது. ஆயினும் உள்ள ஆற்றலை வேண்டிய வடிவில் பெற்றதனாலன்றோ, மின்கம்பி எட்டாத ஊரிலும் வானொலி பேசியது!