தாளும் கதவும்: ஒரு கவிதைத் தொகுப்பை வரலாறாக வாசித்தல்

தகடூர்க்காரர்களுக்குப் பெண்கவி என்றால் ஔவைதான். தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதன் அரசன் அதியமான் நெடுமான் அஞ்சி நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதையை எங்கள் மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும். சங்கப் பெண்பாற் புலவர்களில் அதிகம் பாடியவர் அவர்: 59 பாடல்கள். அவற்றில் 33 புறநானூற்றில் உள்ளன. தொண்டைமானிடம் தூது போனதும், அரசனோடு கள்ளைப் பகிர்ந்து உண்டதும் அங்கே பதிவாகியிருக்கின்றன.

மீதமுள்ள 26 பாடல்கள் அகப்பாடல்கள். குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. பெண்ணின் வேட்கையும் ஆற்றாமையும் ஊர்மேல் அவளுக்குள்ள கோபமும் அவற்றில் இருக்கின்றன. ஆனால் ஊர் நினைவில் நிற்பவர் இந்த ஔவை அல்லர். கோல் ஊன்றி நடந்து, ஆத்திசூடி சொல்லித்தரும் கிழவி ஔவை. பல நூற்றாண்டுகள் பிந்திய இன்னொரு ஔவையும் சங்க ஔவையும் கதையில் ஒருவராகிவிட்டார்கள். திருமணத்திலிருந்து தப்பிக்கத் தன்னைக் கிழவியாக்கும்படி அவர் பிள்ளையாரிடம் வேண்டியதாகவும் கதை உண்டு. பெண் கவிதை சொல்லலாம். அதற்கு அவளுக்கு இளமை இருக்கக் கூடாது, கணவன் இருக்கக் கூடாது, வீடு இருக்கக் கூடாது. நம் சமூகம் பெண்கவிக்கு விதித்த நிபந்தனை இது என்றே அந்தக் கதையை நான் வாசிக்கிறேன்.

அப்படியானால் வீட்டுக்குள் இருந்த பெண்கள் என்ன எழுதினார்கள்? அந்தக் கேள்வியோடுதான் சல்மாவின் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பை முதுகலை வகுப்பில் மாணவிகளோடு வாசிக்கிறேன். 2000இல் காலச்சுவடு வெளியிட்ட அவரது முதல் தொகுப்பு அது.

சல்மா 1968இல் திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்தவர். 13 வயதில் பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் வீடே உலகம். மளிகைச் சாமான் கட்டிவந்த தாளைக்கூட விடாமல் படித்திருக்கிறார். திருமணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டில் எழுதுவதற்கு எதிர்ப்பு. இரவில் கழிப்பறைக்குள் நின்றபடி எழுதியதையும் தாள்களை ஒளித்துவைத்ததையும் பல நேர்காணல்களில் அவரே சொல்லியிருக்கிறார். ‘சல்மா’ என்பதே எழுதுவது யாரென்று தெரியாமலிருக்க வைத்துக்கொண்ட பெயர்.

இந்தத் தகவல்களைக் கவிஞரின் சோகக்கதையாகச் சொல்லிக் கடந்துவிடுவது எளிது. எனக்கு இவை இலக்கிய வரலாற்றின் அடிப்படைத் தரவுகள். ஒரு கவிதை உண்டாக ஒரு தாள் வேண்டும், சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும், யாரும் கூப்பிடாத கால்மணி நேரம் வேண்டும். அந்த வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளப் பெண்ணுக்கு அனுமதி இருந்த இடம் கழிப்பறை மட்டுமே. 1929இல் வர்ஜினியா வுல்ஃப் எழுதும் பெண்ணுக்குத் தனி அறையும் வருமானமும் வேண்டும் என்றார். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1876இல், வங்காளத்தின் ராஸசுந்தரி தேவி தன் தன்வரலாற்றில், சமையலறையில் ஒரு ஏட்டை ஒளித்துவைத்துத் தானாகவே வாசிக்கக் கற்றதை எழுதியிருந்தார். அந்தச் சமையலறைக்கும் துவரங்குறிச்சிக் கழிப்பறைக்கும் இடையில் நூறாண்டுக்கும் மேல் கடந்திருக்கிறது. ஒளித்துவைக்கும் வேலை மட்டும் மாறவில்லை.

தொகுப்புக்குள் இருப்பதும் வீடுதான். படுக்கையறை, இரவு, குழந்தை பெற்ற உடல், தாயும் சகோதரியும் சொல்லும் புத்திமதி. ‘ஒப்பந்தம்’ கவிதையில் தாம்பத்தியம் ஒரு கொடுக்கல் வாங்கலாக வருகிறது. சின்னச் சின்ன வீட்டுத் தேவைகளுக்கும் உடலே விலை. அதைப் பேசும் பெண் அறியாமல் சிக்கியவள் அல்லள். கணக்குத் தெரிந்தே உடன்படுகிறவள். வழக்கு மன்றத்திலும் வருவாய்த்துறைப் பதிவேட்டிலும் இந்தக் கணக்கு ஏறாது. குடும்பத்தின் உள்வரலாற்றுக்கு இப்படிப்பட்ட கவிதைகளே ஆவணம்.

இந்தத் தொகுப்பு தனியாக வரவில்லை. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. அதில் பத்துப் பெண்கள் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் பெயர் ஔவை. இன்னொருவரான சிவரமணி 1991இல் தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழ்நாட்டில் 2001இல் மாலதி மைத்ரியின் ‘சங்கராபரணி’, 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’, சுகிர்தராணியின் ‘கைப்பற்றி என் கனவு கேள்’ என்று அடுத்தடுத்து வந்தன. ஆபாசம் என்று கூச்சல் எழுந்தது. இவர்களைக் கொளுத்த வேண்டும் என்றுகூடப் பொதுவெளியில் பேசினார்கள். அகப்பாடலில் தலைவியின் முலையையும் தோளையும் பாடினால் அது மரபு. அதே சொல்லைத் தலைவியே தன் பெயரில் அச்சேற்றினால் குற்றம். வீட்டுக்குள் நடப்பதை வீட்டில் இருப்பவளே சொன்னதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

சல்மா வெளியே வந்த வழியும் கவனிக்க வேண்டியது. 2001 உள்ளாட்சித் தேர்தலில் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. கணவர் நிற்க முடியாததால் மனைவியை நிறுத்தினார்கள். அவர் வென்றார், ஒளிந்திருந்த கவிஞர் ஊரறிந்த மனுஷியானார். கவிதை திறக்காத கதவை இடஒதுக்கீடு திறந்தது. பெயருக்குப் பெண், அதிகாரம் கணவனுக்கு என்று கேலி செய்யப்படும் சட்டம்தான் அது. ஆட்டுவிக்க நினைத்தவர்களின் கணக்கையும் மீறி அது வேலை செய்தது என்பதற்கு இந்த ஒரு சான்று போதும்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். வகுப்பில் முதல் வாசிப்பில் ஒரு பதில் தவறாமல் வரும்: “அவங்க சாதிசனத்துல அப்படித்தான் மேடம், பொண்ணுங்கள வெளிய விடமாட்டாங்க.” சல்மாவின் துயரை முஸ்லிம் வீட்டுத் துயராக ஒதுக்கிவிட்டால் நாம் தப்பிக்கலாம். நான் மறுப்பதில்லை. உங்கள் தெருவில் வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்திய பெண்கள் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணிவரச் சொல்வேன். மறுநாள் அக்கா, சித்தி, அத்தை மகள் என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் எல்லாம் இந்து வீடுகள். அடைத்துவைக்கும் முறை மதத்துக்கு மதம் வேறுபடுகிறது. சாதிக்குச் சாதியும் வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டை அழித்துவிட்டு எல்லாப் பெண்களும் ஒன்று என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அடைப்பதே அவர்கள் வழக்கம் என்று சொல்லும் தகுதி எங்கள் மாவட்டத்துக்கு இல்லை.

சல்மாவின் தொகுப்பு வந்த மறுஆண்டு, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இன்றைய தருமபுரி மாவட்டப் பரப்பில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் இங்கேயும் வந்தது. 2011இல் அந்த எண் 913 ஆனது. மாற்றம்தான், நிம்மதி அடையும் அளவுக்கு இல்லை. 826 என்ற எண்ணுக்குப் பின்னால் எத்தனையோ பிரசவ இரவுகள் இருக்கின்றன. அந்த இரவில் தாய் என்ன நினைத்தாள், மாமியார் என்ன சொன்னாள், யார் அழக்கூடாது என்று தடுக்கப்பட்டார்கள் என்பது கணக்கெடுப்பில் இல்லை. எங்கள் பக்கத்தில் அதை எழுதிய கையேடு ஏதும் என் கைக்கு வரவில்லை. ஒப்பாரியில் கொஞ்சம் இருக்கிறது. அதைப் பாடியவர்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் மாணவிகளிடம் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது புத்தகக் கடைக்கு முன் வீட்டுப் பரணைப் பார்க்கச் சொல்கிறேன். பெட்டிக்கடியில் விரித்த தாள், மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம், திருமணத்தோடு நின்றுபோன நாட்குறிப்பு எதுவும் குப்பையல்ல. எழுதியவரின் சம்மதத்தோடு படியெடுங்கள், தேதி போடுங்கள், அவர் கேட்டால் பெயரை மறையுங்கள். சல்மாவின் தாள்கள் ஒளிவிடத்திலிருந்து அச்சகத்துக்குப் போனதால் நமக்கு ஒரு தொகுப்பு கிடைத்தது. பரணிலிருந்து நேராக அடுப்புக்குப் போன தாள்கள் நம் பக்கத்தில் எவ்வளவோ இருக்கும். இனி போகவிருப்பவற்றையாவது நிறுத்தலாம்.