தேரிக்குச் சிவப்பு எங்கேர்ந்து வந்தது?

திருச்செந்தூர் போறவங்கள்ல பாதிப்பேர் முருகனைப் பார்த்துட்டு அப்படியே பஸ் ஏறிடுவாங்க. கொஞ்சம் காயாமொழி பக்கம் போனா செக்கச்செவேல்னு மணல்மேடு: குதிரைமொழித் தேரி. 1986-ல தூத்துக்குடி மாவட்டம் பிரியற வரைக்கும் இதெல்லாம் திருநெல்வேலிச் சீமைதான். வடக்கே தாமிரபரணிப் பாசனத்துல வாழையும் நெல்லும். இங்கே பனையும் உடைமரமும், வனத்துறை நட்ட முந்திரியும்.

கடற்கரை மணல் வெள்ளையா இருக்க, இது மட்டும் ஏன் சிவப்பு? (கம்ப்யூட்டர் படிச்சவனுக்கு இது எதுக்குன்னு கேக்காதீங்க!)

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1883-ல மதுரை, திருநெல்வேலி மண்ணியல் பத்தி எழுதினப்போ காத்தைத்தான் கைகாட்டினார். ஆனி ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற காத்து, செம்மண் காட்டை வாரிட்டுக் கிழக்கே ஓடும். 1956-ல ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் வேற கதை சொன்னாங்க: இது பழைய கடலோர மணல்மேடு, இருந்த இடத்திலேயே பல்லாயிரம் வருஷமா மக்கிச் சிவந்தது. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கம் இந்த மணல்ல கிடைச்ச கற்காலச் சின்னக் கருவிகளை வச்சு அதோட வயசையும் கணிக்கப் பார்த்தாங்க.

எனக்கென்னவோ ரெண்டும் சேர்ந்த கதைன்னுதான் தோணுது. மணல் தரையோட தாவித் தாவி ஓடும்; தூசி மேலே பறக்கும். பனையோ உடையோ நின்னு காத்தோட வேகத்தைக் குறைச்சா தூசி அங்கேயே இறங்கிடும். மழை அதை மணலுக்குள்ள இறக்கும். வெறும் மணல்ல தண்ணி நிக்காது, சத்தும் நிக்காது. இந்தத் துளிக் களிமண் ரெண்டையும் பிடிச்சு வைக்கும். அதனால செடி வரும், செடி வந்தா இன்னும் தூசி. இஸ்ரேல்ல நெகேவ் எல்லையை 1982-ல வேலி போட்டு ஆடுமாடு மேயறதை நிறுத்தினதும் மணல்மேட்டு மேலே தூசியும் பாசியும் சேர்ந்து பொருக்கு கட்டிடுச்சு. ஆனா பொருக்கு தடிச்சா மழைத்தண்ணி உள்ளே இறங்காம வழிஞ்சோடும். மேட்டுச் செடி காயும், பள்ளத்துச் செடி கொழுக்கும்.

ஸாய்னர் சொன்னதுல பாதி சரின்னா கூட, ஜேசிபி வச்சு ஒரே நாள்ல அள்ளுற செம்மணலை அடுத்த ஆடிக்காத்து கொண்டுவந்து கொட்டிடாது. அந்த மணல்தான் மழைத்தண்ணியை உறிஞ்சி உள்ளே வச்சுக்குது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைப் போய்ப் பாருங்க, சுத்தி மணல்காடு, நடுவுல தண்ணி.