அரங்கம் தந்த துணிவு



ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியப் பணியில் புதிதாகச் சேர்ந்த காலம். என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கணக்கில் வல்லவன், ஆயினும் எவர் முகத்தையும் ஏறிட்டுப் பாரான். வினவினால், விடை கூறாமல் வினாவையே திருப்பிச் சொல்வான். அதனைச் செருக்கென்று எண்ணி, வகுப்பின் நடுவே அவனைக் கடிந்துகொண்டேன். மறுநாள் அவன் கடைசி வரிசைக்குச் சென்றுவிட்டான். அவ்வாண்டு முழுதும் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

அவன் நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர் இருக்கக்கூடும் என்பதைப் பன்னெடுங்காலம் கழித்தே உணர்ந்தேன். உலகமும் இதனை மெல்லவே கற்றது. 1925-இல் மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்னும் பெண் மருத்துவர் இத்தகைய சிறுவர் அறுவரைப் பற்றி எழுதினார். 1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை ஆராய்ந்து எழுதியபின் இந்நிலை பரவலாக அறியப்பட்டது. அதன்பின்னும் தாயின் அன்புக்குறையே காரணம் என்று பழி கூறினர். அத்தகைய மகனைப் பெற்ற பெர்னார்டு ரிம்லாந்து 1964-இல் நூல் எழுதி அப்பழியை மறுத்தார்.

இனி, நாடகக் கலை இங்கே எவ்வாறு துணைவந்தது எனக் காண்போம். இங்கிலாந்தின் நடிகை கெல்லி ஹன்ட்டர் ஷேக்ஸ்பியர் நாடகங்களிலிருந்து எளிய விளையாட்டுகளை அமைத்தார். குழந்தைகள் வட்டமாக அமர்ந்து, மார்பில் கைவைத்து, இதயத் துடிப்பின் தாளத்தில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வர். சினம், அச்சம், மகிழ்ச்சி ஆகியவற்றை முகத்தில் காட்டிப் பழகுவர். 'புயல்' நாடகத்தில் மிராண்டா காலிபனுக்குப் பேசக் கற்பிக்கும் நிகழ்ச்சியும் ஒரு விளையாட்டாயிற்று. 2014-இல் அந்நாடகம் அரங்கேறியபோது, ஆட்டிசம் உள்ள குழந்தைகள் நடிகர்களோடு மேடையிலேயே அமர்ந்து பங்குகொண்டனர்.

அமெரிக்காவில் பிளைத் கார்பெட் என்னும் உளவியலறிஞர் 2009-இல் ஒரு நாடகத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் ஆட்டிசம் உள்ள சிறுவர், பயிற்சி பெற்ற ஒத்த வயதுத் தோழரோடு சேர்ந்து நடித்தனர். 8 முதல் 14 வயது வரையுள்ள 30 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. நடித்தவர்கள் முகங்களை நினைவிற்கொள்வதிலும் பிறரோடு பழகுவதிலும் முன்னேறியிருந்தனர். முப்பது என்பது சிறிய எண்ணே. எனினும் நம்பிக்கை அளிக்கும் எண்.

இதன் காரணம் யாது? அன்றாட உரையாடலில் அடுத்தவர் என்ன சொல்வார் என்பது தெரியாது. நாடகத்திலோ, யார் எப்போது பேசுவர் என்பது முன்னரே தெரியும். ஒத்திகையில் தவறினால் நகைப்பார் இல்லை, மீண்டும் செய்யலாம். அவ்வாறு பலமுறை செய்ததே பின்னர்த் துணிவாக மாறுகிறது. ஆட்டிசம் உடைய நடிகர் மிக்கி ரோ, 2017-இல் அமெரிக்க மேடையில் ஒரு பெரும் நாடகத்தின் தலைமைப் பாத்திரத்தை ஏற்றார். அப்பாத்திரமும் தம்மைப் போன்ற ஓர் இளைஞனே!

ஆனால், ஒன்றை மறவாதீர். நாள்தோறும் தம் இயல்பை மறைத்து நடிக்குமாறு அவர்களை வற்புறுத்துவது துணிவு தராது, சோர்வையே தரும். புரிந்துகொள்ளாமை இருபுறமும் உள்ளது என்று 2012-இல் டேமியன் மில்டன் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். அவரும் ஆட்டிசம் உடையவரே. ஆகவே, பயிற்சி அவர்களுக்கு மட்டும் உரியதன்று; நமக்கும் உரியது.

அன்று நான் அம்மாணவனைப் புரிந்துகொள்ள முயலவில்லை. அவனுக்கு ஒரு வேடமும், ஒத்திகைக்குச் சிறிது காலமும் அளித்திருக்கலாம், அளிக்கவில்லை. உங்கள் வகுப்பின் கடைசி வரிசையிலும் ஒருவன் இருக்கக்கூடும். வரும் ஆண்டுவிழா நாடகத்திற்குப் பெயர்கள் எழுதும்போது, அவனிடமும் சென்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.