வானிலிருந்து தழைச்சத்தை அறிதல்

பயிரின் நலத்தை வான்படத்தில் காணும் முறை, இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஃபிலிம் ஒன்றிலிருந்து வளர்ந்தது. பச்சை வண்ணம் பூசி மறைத்த தளவாடங்களை மெய்யான செடிகொடிகளிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக கோடாக் நிறுவனம் அகச்சிவப்பு வண்ண ஃபிலிமை உருவாக்கியது. நலமான இலை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்புவதால் அதில் செக்கச்சிவந்து தெரியும். நலிந்த இலை மங்கித் தெரியும். 1956-இல் ஆய்வாளர் ராபர்ட் கோல்வெல் இந்த ஃபிலிமைக் கொண்டு தானியப் பயிர்களின் துருநோயைக் கண்டறியலாம் என்று காட்டினார்.

இந்தியாவில் இதற்கு வித்திட்டவர் பி. ஆர். பிஷரோட்டி. 1970 வாக்கில் கேரளத் தென்னந்தோப்புகளின் மேலே ஹெலிகாப்டரில் பறந்து எடுத்த அகச்சிவப்புப் படங்களில் வாடல் நோய் கண்ட மரங்கள் தனித்துத் தெரிந்தன. 1974-இல் ஹைதராபாதில் தேசியத் தொலையுணர்வு முகமை தொடங்கப்பட்டது. சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் இத்துறைக்குப் பொறியாளர்களைப் பயிற்றுவித்து வருகிறது.

1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக்கோளின் ஒரு கருவி 72.5 மீட்டர், மற்றொன்று 36.25 மீட்டர் நுணுக்கத்தில் படமெடுத்தது. முதலாவதில் ஒரு புள்ளிக்குள் ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர் அடங்கிவிடும். இரண்டாவதில் 32 சென்ட். மாவட்டத்தின் சாகுபடிப் பரப்பை அளக்க அது போதும். ஒரே வயலுக்குள் எந்த மூலை வெளுத்திருக்கிறது என்று அறியப் போதாது. 2015-இல் வந்த ஐரோப்பாவின் சென்டினல்-2, 10 மீட்டர் நுணுக்கத்தில், சுமார் இரண்டரை சென்ட்டுக்கு ஒரு புள்ளி தந்தது. இந்தியாவின் 2021 டிரோன் விதிகளுக்குப் பின் செடி வரிசைகளையே தாழப் பறந்து பார்க்க வழி எளிதாயிற்று.

தழைச்சத்துக் குறைந்த மக்காச்சோளத்தில் அடியிலைகள் முதலில் மஞ்சளிக்கும். நுனியில் தொடங்கும் மஞ்சள், நடுநரம்பு வழியே ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் உள்ளே இறங்கும். 1990-களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிளாக்மர், ஷெப்பர்ஸ் முதலிய ஆய்வாளர்கள் இந்தக் குறைபாட்டை வான்படத்தில் அளந்தனர். வயலில் ஒரு பட்டைக்குக் குறைவின்றி உரமிட்டு, மற்ற இடங்களை அதனோடு ஒப்பிடுவது அங்கு வேரூன்றிய வழி. வெயில், பயிர் இரகம், கேமரா ஆகியவற்றால் நிறம் மாறினாலும், ஒரே படத்திலுள்ள இரு பகுதிகளின் ஒப்பீடு நிலைக்கும்.

தமிழ்நாட்டில் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து பரிந்துரை. அதில் கால்பங்கு அடியுரம். பாதி விதைத்த 25-ஆம் நாளிலும், மீதிக் கால்பங்கு 45-ஆம் நாளிலும் மேலுரம். 25-ஆம் நாளில் இலைகள் மண்ணை முழுவதும் மூடியிராததால் மண்ணின் நிறம் படத்தில் கலந்துவிடும். 45-ஆம் நாளில் படம் தெளிவாகும். ஆனால் திருத்துவதற்குக் கால்பங்குதான் மிஞ்சியிருக்கும். எனவே படம் முதன்மையாகக் கடைசி மேலுரத்துக்கே வழிகாட்டும்.

வெளுப்புக்குத் தண்ணீர் தேங்குவதும், துத்தநாகக் குறைவும், படைப்புழுவும் காரணமாகலாம். படம் இடத்தைக் காட்டும். அங்கே நடந்துபோய் இலையையும் மண்ணையும் பார்த்த பின்பே உர அளவை முடிவுசெய்ய வேண்டும்.