கூடைக் கயிறும் கழுத்தின் நிலையுணர்வும்: மலையகத்தில் கண்–கழுத்துப் பயிற்சி

இலங்கை ரயில் பாதையின் ஆக உயர்ந்த முகடு, 6,226 அடி உயரத்தில், பட்டிப்பொலயை அடுத்திருக்கிறது. அங்கிருந்து நானுஓயா, ஹட்டன் பக்கமாக இறங்கும் மலைகளில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்களுக்குப் பிடரி வலி புதிதல்ல. அதற்குக் கிடைக்கும் வைத்தியமும் பழகியதுதான்: வலி மாத்திரை, தைலம், முடிந்தால் இரண்டு நாள் ஓய்வு. மாதக்கணக்கில் நீடித்த வலிக்கு இவை போதா. கண்ணையும் கழுத்தையும் சேர்த்துப் பழக்கும் பயிற்சியைத் தோட்ட மருந்தகத்திலேயே தொடங்க முடியும், தொடங்கவும் வேண்டும் என்பதே என் வாதம்.

வேலையின் தன்மையை முதலில் பார்ப்போம். கூடையானாலும் பையானாலும் சுமை தலையில் போட்ட கயிற்றில்தான் தொங்குகிறது. கயிறு நழுவாதிருக்கத் தலை சற்றே குனிந்து ஒரே நிலையில் நிற்கிறது. கண் மட்டும் வாதுக்கு வாது தாவி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேடுகிறது. பறித்ததைத் திரும்பிப் பாராமலே கை தோளுக்குப் பின்னால் எறிகிறது. வழக்கமாகக் கண் திரும்பும் திசைக்குக் கழுத்தும் திரும்பும். இங்கே அந்த உறவு நாள்முழுதும் தடைப்பட்டிருக்கிறது.

இந்த உறவுக்கு உடற்கூற்று ஆதாரம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குல்கர்னி, சாண்டி, பாபு ஆகியோர் மனிதக் கருக்களின் பிடரித் தசைகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட கட்டுரையின்படி, மண்டையோட்டின் அடியிலுள்ள கீழ்ச்சாய் தசையில் ஒரு கிராமுக்குச் சராசரியாக 242 தசைக்கதிர்கள் இருந்தன. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கும் உணர்கருவிகள் அவை. இத்தகைய தசை தலையைத் தாங்குவதோடு, தலை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதுவே நிலையுணர்வு. வலியும் களைப்பும் நீடிக்கையில் அந்தச் செய்தி பிசகுகிறது. கழுத்து ஒன்றைச் சொல்ல, கண்ணும் உட்காதும் வேறொன்றைச் சொல்கின்றன. நாட்பட்ட கழுத்துவலியோடு சிலருக்குத் தலை மிதப்பதுபோன்ற உணர்வு வருவதற்கு இது ஒரு காரணம்.

பிசகை அளக்கும் வழியைப் பிரான்சின் ரெவெலும் சகாக்களும் 1991இல் காட்டினர். தலையில் ஓர் ஒளிக்கதிரைப் பொருத்தி, 90 சென்ரிமீற்றர் தொலைவிலுள்ள இலக்கின் நடுவில் அது விழும்படி உட்கார வைப்பர். கண்ணை மூடித் தலையைத் திருப்பிவிட்டு, பழைய நிலைக்கு மீள வேண்டும். 4.5 பாகைக்கு மேல், அதாவது தாளில் சுமார் 7 சென்ரிமீற்றருக்கு மேல் ஒளி விலகினால் நிலையுணர்வு குன்றியிருக்கிறது எனக் கொள்வர். லயத்துச் சுவரில் ஒட்டிய ஒரு தாளும், துணியால் தலையில் கட்டிய சிறு டோர்ச் லைட்டும் இதற்குப் போதும்.

பயிற்சியும் அதே அளவு எளிமையானது. தலையை அசைக்காமல், நகரும் விரலைக் கண்ணால் தொடர்வது. ஒரு புள்ளியைப் பார்த்தபடியே தலையை இருபுறமும் மெல்லத் திருப்புவது. கண் முதலில் இலக்கை அடையத் தலை பின்தொடர்வது. கண்ணை மூடித் திரும்பி மீண்டு, திறந்து சரிபார்ப்பது. கடைசியது முக்கியம். தன் பிழையைத் தானே கண்டு திருத்தும்போதுதான் நிலையுணர்வு சீராகிறது. தலை சுற்றினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

1994இல் ரெவெல் குழு 60 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், இவ்வகைப் பயிற்சி பெற்றோருக்கு நிலையுணர்வும் வலியும் மற்றவர்களைவிடத் தேறின. ஆனால் 2007இல் ஜுல் குழு 64 பெண்களிடம் 6 வாரம் நடத்திய ஒப்பீட்டைப் புறக்கணிக்க முடியாது. கழுத்தின் ஆழத் தசைகளை மெல்ல இயக்கும் பயிற்சியும் நிலையுணர்வை ஏறத்தாழ அதே அளவு மீட்டது. ஆகவே கண் பயிற்சி ஒன்றே மருந்தென்று நான் சொல்லவில்லை. சிறப்புக் கருவி இல்லாமல், நிபுணர் அருகில் இல்லாமல் பழகவும் சோதிக்கவும் கூடியது அது என்பதால் மலையகத்தில் அதற்கே முதலிடம் தருகிறேன்.

தலைச்சுமை உடம்புக்குப் பழகிவிடும் என்ற மறுப்பும் எழக்கூடும். நேபாளச் சுமைதூக்கிகள் நெற்றிப்பட்டையில் பெருஞ்சுமையை மிகச் சிக்கனமான சக்திச் செலவில் சுமப்பதை 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு நிறுவியது உண்மை. அது அளந்தது மூச்சின் செலவை. கழுத்தின் தேய்வை அல்ல.

பயிற்சிக்கான பத்து நிமிடம் யாருடைய நேரம் என்பதுதான் கடினமான கேள்வி. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர் (அரைநாள் கூலி) விழும் என்றிருக்கும் தொழிலில், அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கும் அந்திப் பொழுதில் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்வது நியாயமாகாது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், பேருக்குள் அடங்கிய நேரமாக அது நடக்க வேண்டும். டோர்ச் சோதனையை இரண்டு வாரத்துக்கொருமுறை தோட்ட மருத்துவிச்சி செய்யலாம். கை மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ பயிற்சியை நிறுத்தி நுவரெலியா வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். கூடவே நாளொன்றுக்கு ஒரு நிறுவையைக் கூட்டினால், கயிற்றில் தொங்கும் பாரம் ஒவ்வொரு முறையும் குறையும். அதைத் தோட்ட நிருவாகம் நாளைக்கே செய்யலாம்.